சிப்பித்தூள்: எங்கே மருந்து, எங்கே நஞ்சு?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பள்ளி கடலோரத்தில், உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊரில் குப்பை என்றால் பெரும்பாலும் சிப்பி ஓடுதான். சதையை எடுத்துக்கொண்டு ஓட்டைத் தெருவோரம் கொட்டிவிடுவார்கள். மழை பெய்தால் நாற்றம். வெறுங்காலோடு மிதித்தால் காயம். இந்த ஓட்டைத் தூளாக்கி நானும் மாணவர்களும் செய்துவரும் வேலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் ஆண்டு, இரண்டு மூட்டை ஓட்டைச் சேகரித்து இடித்தோம். சிப்பித்தூள் மண்ணுக்கு நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். பள்ளித் தோட்டத்தில் வெண்டைக்கும் தக்காளிக்கும் தாராளமாகத் தூவினோம். ஒரு மாதத்தில் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. சத்துப் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி போடச் சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. அவள் அம்மா சிப்பி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள் என்பதால் அவள் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அன்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், எங்க ஆயா கேக்குது, நம்ம ஊரு மண்ணே சிப்பி மண்ணு, அதுல எதுக்கு மறுபடியும் சிப்பியப் போடுறீங்கன்னு."

தூள் தூவாத ஒரு மூலையிலிருந்து மண்ணை எடுத்து வந்து, அதன்மேல் கொஞ்சம் வினிகரை ஊற்றினேன். மண் நுரைத்தது. அதாவது, மண்ணிலேயே கால்சியம் கார்பனேட் நிறைய இருக்கிறது. பிறகு மண் பரிசோதனை செய்தபோது பி.எச். மதிப்பு 8-ஐத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து கரையாத நிலைக்குப் போய்விடும். வேரால் அதை உறிஞ்ச முடியாது. இலை மஞ்சளானதற்குக் காரணம் அதுதான். இரண்டு நிமிடச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் தோட்டம் பிழைத்திருக்கும்.

இதே தூள் அமில மண்ணுக்கு நன்மை செய்யும். கேரளத்தில் குட்டநாட்டின் அமில வயல்களுக்குச் சுண்ணாம்பு இடுவது வழக்கம். அங்கே மருந்தாக இருப்பது எங்கள் ஊரில் நஞ்சானது. "சிப்பித்தூள் நல்லதா?" என்று மாணவர் கேட்டால், "எந்த மண்ணுக்கு?" என்று திருப்பிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

இனி, தூளைத் தயாரிக்கும் முறை. தெருவோரம் கொட்டிக் கிடக்கும் ஓட்டை மட்டுமே எடுக்கிறோம். கழியின் அடியில் கிடப்பதைத் தொடுவதில்லை. சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்வது அந்தப் பழைய ஓடுகளின் மேல்தான். எடுத்த ஓட்டைத் தேய்த்துக் கழுவி, கொதிக்க வைத்து, நல்ல வெயிலில் காயவைக்கிறோம். இடிக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்வோம், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிறகு மறுபடி உலர்த்தி, மாவுச் சல்லடையில் சலிக்கிறோம்.

வகுப்பறையில் முதல் பயன் இது. ஒரு கிண்ணத்தில் சிப்பித்தூள், இன்னொன்றில் பொடித்த சுண்ணக்கட்டி. இரண்டிலும் வினிகர் விடுங்கள். சிப்பித்தூள் நுரைக்கும். சுண்ணக்கட்டி பெரும்பாலும் நுரைக்காது. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பல ஜிப்சத்தால் செய்தவை. தினமும் கையில் பிடிக்கும் பொருள் பெயருக்கு மட்டுமே சுண்ணம் என்று தெரியும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பத்தாம் வகுப்புக்கு அடுத்த படி. 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். சுண்ணாம்புக் காளவாயில் நடப்பது இதுதான். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்களில் இருப்பது இப்படிப்பட்ட கிளிஞ்சல் சுண்ணாம்புதான்.

ஆனால் சுடும் வேலையைப் பள்ளியில் செய்யாதீர்கள். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சுண்ணாம்பு நீர் தேவையென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பை ஆசிரியரே கரைத்துத் தெளிய வைத்து எடுக்கட்டும்.

வீட்டுக்குப் பயன்படுவது கோழி வளர்ப்பில். முட்டையிடும் கோழிக்குக் கால்சியம் குறைந்தால் ஓடு மெலியும், தோல் முட்டையும் வரும். இதற்குச் சலித்த மாவைவிடச் சல்லடையில் தங்கும் குருணை நல்லது. அது கோழியின் அரைவைப் பையில் தங்கி மெல்லக் கரையும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால் அந்த நேரத்தில் உதவும். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும். குஞ்சுகளுக்கு வைக்கக் கூடாது. கூடுதல் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாவாகச் சலித்த தூள் பித்தளைப் பாத்திரம் துலக்க உதவும். பல் துலக்க வேண்டாம், பற்சிப்பி தேய்ந்துவிடும். கால்சியம் என்று சொல்லி யாரும் தின்னவும் கூடாது. ஓட்டில் ஈயம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கலாம்.

"எங்கள் ஊரில் கடல் இல்லையே" என்று சிலர் நினைக்கலாம். சத்துணவுக் கூடத்தில் முட்டை ஓடு இருக்கிறதே! அதுவும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். வினிகர் சோதனையை நாளைக்கே அதை வைத்துச் செய்யலாம்.

எங்கள் தோட்டத்தில் தூள் போடுவதை அன்றே நிறுத்தினோம். மக்கிய தொழுவுரம் போட்டு, அடுத்த பருவத்தில்தான் வெண்டை பச்சைக்குத் திரும்பியது. அந்தப் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்தோம். காளவாயில் வேலை பார்த்த காலத்தில் எந்த ஓடு வேகும், எது வெடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னார். பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். மறுநாள் அந்த மாணவியின் பக்கத்தில் உட்கார இரண்டு பேர் போட்டி போட்டார்கள்.

ஆகவே, ஒரு சோதனையைத் தொடங்கும் முன் உங்கள் ஊரில் அந்தப் பொருளோடு பிழைப்பவர் யார் என்று மாணவர்களிடம் கேளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.