கன்றுக்குக் காவல்



ஐப்பசி மழை தொடங்கியதும் ஊருக்கு ஊர் மரம் நடுகிறோம். குழி வெட்ட, மண் தள்ள, தண்ணீர் ஊற்ற ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் வரப்போகும் வெள்ளாடுகளை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆல், அரசு, வாகை, பூவரசு என்று நாம் நிழலுக்கு நடுகிற மரங்களின் தழை ஆட்டுக்கும் பிடித்த தீனி. நுனிக்குருத்தைக் கடித்துவிட்டால், கன்று நேரே உயராமல் பக்கத்தில் வெடித்துப் புதராகிவிடும். ஆடு மேயத்தான் செய்யும். அதன் சொந்தக்காரரோடு சண்டைக்குப் போய்ப் பயனில்லை. காவல் போடவேண்டியது நட்டவர் பொறுப்பு.

சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் அடைப்பது நம் கிராமத்து வழக்கம். செலவில்லாத நல்ல காவல் அது. குளிர்நாடுகளில் குழாய் மாட்டுகிறார்கள். பிரிட்டனில் வனத்துறையைச் சேர்ந்த கிரஹாம் டூலி 1979இல் ஓக் கன்றுகளை ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் வளர்த்துப் பார்த்தார். மானும் முயலும் கடிக்காமல் கன்று தப்பியது ஒரு பலன். குழாய்க்குள் வெதுவெதுப்பும் ஈரமும் தங்கியதால் அது சீக்கிரமாக உயர்ந்தும் விட்டது. இன்று அங்கே முயலுக்கு 60 செ.மீ., சிறிய வகை மானுக்கு 120 செ.மீ. என்று கடிக்க வரும் விலங்கைப் பார்த்துக் குழாயின் உயரத்தை முடிவு செய்கிறார்கள். நம் வெள்ளாடோ பின்னங்காலில் எழுந்து நின்று எட்டிக் கடிக்கும். ஆள் உயரத்துக்குக் குறைந்த கூண்டு அதற்குப் போதாது.

அங்கே கன்றை வளர்த்த அதே வெதுவெதுப்பு இங்கே சித்திரை வெயிலில் அதை வேகவைத்துவிடும். ஆகவே மூடிய குழாய் நமக்கு வேண்டாம். மூன்று மூங்கில் நட்டு, சுற்றிலும் பச்சை வலையைக் கட்டினால் காற்றும் புகும், ஆட்டின் வாயும் எட்டாது. பள்ளிகளிலும் பூங்காக்களிலும் அடித்தண்டைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குத் துளையிட்ட குழாய்த் துண்டு போடலாம். புல் வெட்டும் இயந்திரத்தின் நரம்பு பட்டையை உரித்துவிட்டுப் போவது அங்கெல்லாம் அடிக்கடி நடக்கிறது.

இனி, முட்டுக்குச்சி. நம்மில் பலர் கன்றைக் குச்சியோடு சேர்த்து, அடி முதல் நுனி வரை இறுக்கிக் கட்டிவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆனால் கன்று நோஞ்சானாகிவிடுகிறது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் 1803இலேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். அசையாமல் கட்டிய இளம் ஆப்பிள் மரங்களைவிடக் காற்றில் ஆடியவற்றின் அடித்தண்டு நன்றாகப் பருத்தது. ஒரு மரத்தை வடக்கு தெற்காக மட்டும் ஆடும்படி விட்டார். அதன் தண்டு அந்தத் திசையிலேயே கூடுதலாகத் தடித்திருந்தது! காற்று தள்ளத் தள்ளத்தான் தண்டு உரமேறுகிறது. கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஒரே கட்டுப் போட்டால் போதும். மேல்பகுதி ஆடட்டும்.

குச்சிக்குச் சவுக்குக் கம்பு நல்லது. மண்ணில் இறங்கும் முனையைத் தீயில் கருக்கிக்கொண்டால் கரையான் அரிப்பது குறையும். வேர்மண் கட்டியைக் குத்தாமல், சற்றுத் தள்ளி ஊன்றுங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும் ஊர்களில் கம்பு மேற்குப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் காற்று கன்றைக் கம்பின்மேல் மோதாமல் அப்பால் தள்ளும்.

கட்டுவதற்குச் சணல், பழைய வேட்டித் துணி, சைக்கிள் டியூப் எல்லாம் ஆகும். தண்டுக்கும் கம்புக்கும் நடுவே கயிறு 8 போலக் குறுக்கே மாறி வரவேண்டும். இரும்புக் கம்பி மட்டும் கூடவே கூடாது. சாலையோர வேம்புகளைப் பாருங்கள். என்றோ கட்டிய கம்பி பட்டைக்குள் புதைந்து, அதற்குமேல் தண்டு வளையமாக வீங்கியிருக்கும். இலை சமைத்த உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பி அந்த வழியை நெரிக்கிறது. உணவு மேலேயே தேங்க, வேர் பட்டினி கிடக்கிறது. மரத்தைக் காக்க வைத்த இரும்புக் கூண்டே தண்டுக்குள் ஏறி நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். நட்டபோது இருந்த அக்கறை பிறகு யாருக்கும் இல்லாமல்போனதன் அடையாளம் அது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுப்பதில்லை.

ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கட்டை அவிழ்த்துக் கன்றை லேசாக அசைத்துப் பாருங்கள். அடிமண் விரியாமல் தண்டு மட்டும் வளைந்து நிமிர்ந்தால் குச்சியைப் பிடுங்கிவிடலாம். அடிமண் விரிந்தால், தளர்வாகக் கட்டி இன்னொரு பருவம் விடுங்கள். கூண்டை ஆடு எட்டாத உயரத்துக்குக் கிளை ஏறியபின் எடுத்தால் போதும். பிளாஸ்டிக் குழாயோ வலையோ வெயிலில் நொறுங்கி மண்ணில் கலப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். கிழியாமல் இருந்தால் அடுத்த கன்றுக்கு ஆகும்.