மெஷினைக் கடைசியா வாங்குங்க: சிஎன்சி மரவேலை தொடங்க நினைப்பவர்களுக்கு

(சுயதொழில் வழிகாட்டல் கூட்டம் ஒன்றில் நமது மின்னிதழ் எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தச்சர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசுத் திட்டங்களை எளிய தமிழில் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். ஆனால் என் மாமா தச்சர். தென்காசி பக்கம் முப்பது வருஷமா நிலை, கதவு, ஜன்னல் செய்கிறவர். இன்றைக்கு நான் பேசப் போவதில் பாதி, அவர் பட்ட பாட்டிலிருந்து வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு மெஷின், பலகையில் பிள்ளையாரை அப்படியே செதுக்குகிறது. பக்கத்தில் ஆள்கூட இல்லை. "மாப்ள, நான் நாலு நாள் உளி பிடிச்சு செய்யறதை இது ஒரு ராத்திரியில முடிச்சிரும்டா"ன்னு சொன்னார். அடுத்த மாசமே தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் கடன் வாங்கி, எட்டுக்கு நாலடி மெஷினை இறக்கிவிட்டார். அதற்கு அப்புறம்தான் கேள்வி ஒவ்வொன்றாக வந்தது. மூன்று ஃபேஸ் மின் இணைப்பு இருக்கா? இல்லை. டிசைன் போடத் தெரியுமா? தெரியாது. ஆர்டர் இருக்கா? இனிமேல்தான் பிடிக்கணும். தவணை மட்டும் முதல் மாசத்திலிருந்தே கட்டணும். காசு பார்த்த முதல் வேலை வந்தது நாலாவது மாசம்.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று இருக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சிஎன்சி என்றால் என்ன?

கணினி சொல்கிறபடி கருவியை நகர்த்துகிற முறைக்குப் பெயர்தான் சிஎன்சி. புதுசு ஒன்றும் இல்லை. 1952-லேயே அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகம் வெட்டுகிற இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். இன்றைக்கு அந்த நாடாவின் இடத்தில் ஒரு கணினிக் கோப்பு இருக்கிறது. அதில் இருக்கிற கட்டளைகளுக்கு 'ஜி-கோட்' என்று பெயர்.

மரவேலைக்கு வருவது பெரும்பாலும் 'ரவுட்டர்' வகை மெஷின். ஸ்பிண்டில் என்கிற மோட்டாரில் 'பிட்' மாட்டியிருக்கும். அது இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூன்று திசையில் நகரும். வேலை மூன்று படி. முதலில் படம் வரைய வேண்டும். அடுத்து, எந்த பிட், எவ்வளவு ஆழம், எந்த வழி என்று மென்பொருளில் பாதை போட வேண்டும். மூன்றாவதுதான் பலகையைக் கட்டி ஓட்டுவது. வீடியோவில் காட்டுவது இந்த மூன்றாவது படியை மட்டும்தான். நேரம் போவது முதல் இரண்டில்.

பொழுதுபோக்காகத் தொடங்குகிறீர்களா?

அப்படியென்றால் மேஜை மேல் வைக்கிற சின்ன மெஷின் போதும். '3018' என்று ஒரு வகை கிடைக்கிறது. சுமார் 30 செ.மீ.க்கு 18 செ.மீ. பரப்பில் வேலை செய்யும். வீட்டு பெயர்ப்பலகை, சாவி மாட்டி, போன் ஸ்டாண்ட், கோல அச்சு, இதெல்லாம் செய்யலாம். தேக்கில் ஆழமாக வெட்ட அதற்குத் தெம்பு கிடையாது. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தப்பு செய்தால் சின்ன பலகையும் சின்ன பிட்டும்தான் போகும்.

மென்பொருளுக்கு ஆரம்பத்தில் செலவே வேண்டாம். படம் வரைய 'இங்க்ஸ்கேப்', வரையவும் பாதை போடவும் 'ஃப்ரீகேட்', இரண்டும் முழுக்க இலவசம். 'ஃபியூஷன்' மென்பொருளிலும் சொந்த உபயோகத்துக்கு, சில வரம்புகளோடு, இலவசப் பதிப்பு இருக்கிறது. தொழிலாகச் செய்தால் அந்த இலவச உரிமம் செல்லாது, கவனம். இணையத்தில் கிடைக்கிற சாமி பட டிசைன்களும் அப்படித்தான். விற்பனைக்குப் பயன்படுத்தலாமா என்று உரிமத்தைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

பிட் கருகுதா, மரம் கருகுதா?

புதுசா தொடங்குகிற எல்லாரும் ஒரு தப்பு செய்வார்கள். பயந்து போய் மெஷினை மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாகப் போனால் நல்லது என்று நினைப்பு. ஆனால் பிட் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டு ஒரே இடத்தில் உரசினால் சூடாகும். மரம் கருகும், பிட் மழுங்கும்.

இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பிட் நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, பிட்டில் உள்ள வெட்டுமுனைகள், ஒவ்வொரு முனையும் எடுக்க வேண்டிய சீவலின் தடிமன், இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். 18,000 சுற்று, 2 முனை, 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 3,600 மி.மீ. வருகிறது. அதாவது 3.6 மீட்டர். பிட்டின் அளவு, மரத்தின் கடினம், மெஷினின் உறுதி பார்த்து இதைக் கூட்டிக் குறைக்கலாம். கீழே விழுவது சீவலாக இருந்தால் சரி. மாவு மாதிரி தூளாக விழுந்தால் வேகத்தைப் பாருங்கள். இழைப்புளி பிடித்தவருக்கு இது சொல்லாமலே புரியும். மாமாவுக்குக் கணக்கு சொன்னபோது, "இதைத்தான்டா நான் கையால பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இன்னும் இரண்டு விஷயம். பிட் மாற்றினால் உயரத்தின் பூஜ்யத்தை மறுபடி வைக்க வேண்டும். மறந்தால் பிட் நேராகப் பலகையில் குத்தி உடையும், இல்லை மேஜையைத் துளைக்கும். அடுத்து, புது டிசைனை முதலில் பலகைக்கு மேலே காற்றில் ஓட்டிப் பாருங்கள். பலகையைக் கட்டிய ஸ்க்ரூ, பிட் போகிற வழியில் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

உடம்பு முக்கியம்

மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. குறிப்பாக மூக்கை ஒட்டிய பகுதியில். எம்டிஎஃப் பலகையில் தூள் இன்னும் நைஸ், அதோடு ஃபார்மால்டிஹைடு பசையும் சேரும். அதனால் தூசி உறிஞ்சும் கருவியை மெஷினோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று விடாதீர்கள். முகத்துக்கு என்95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் கட்டாயம். துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை கூடாது. சுற்றுகிற பிட் பக்கத்தில் கையுறையும் கூடாது, அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஓடுகிற மெஷினைத் தனியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உரசும் பிட்டும் குவிந்த தூளும் தீப்பிடிக்கப் போதும்.

தொழிலாக எடுத்தால்: மணிக்கு எவ்வளவு?

பொருளுக்கு விலை வைப்பதற்கு முன்னால், உங்கள் மெஷின் ஒரு மணி நேரம் ஓட என்ன செலவு என்று தெரிய வேண்டும். ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். தவணை, வாடகை, கரண்ட், பிட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் 24,000 ரூபாய் என்று வைப்போம். மாசத்தில் 80 மணி நேரம் உண்மையிலேயே வெட்டு வேலை நடந்தால், மணிக்கு 300 ரூபாய் அடக்கம். 40 மணி நேரம்தான் வேலை வந்தது என்றால் 600 ரூபாய். இதில் உங்கள் கூலி, டிசைன் போட்ட நேரம், பலகை விலை எதுவும் சேரவில்லை. அதனால் "மெஷின் என்ன விலை?" என்பதைவிட, "மாசம் எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாமல் கடன் வாங்காதீர்கள்.

பதில் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கு. ஊரில் ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் வொர்க்காகக் கொடுத்து வெட்டி வாங்குங்கள். டிசைன் உங்களுடையது, ஃபினிஷிங் உங்களுடையது, வெட்டு மட்டும் அவருடையது. பூஜை அறைக் கதவு, ஜாலி, பெயர்ப்பலகை என்று ஆறு மாசம் விற்றுப் பாருங்கள். வெட்டுக் கூலியாக நீங்கள் கொடுக்கிற பணம் தவணைக்குச் சமமாக வந்தால், அன்றைக்கு மெஷின் வாங்குங்கள்.

இன்னொன்று நேர்மை பற்றியது. அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தலைமுறையாக உளி பிடித்த கைகளுக்குக் கிடைத்த பெயர் அது. மெஷினில் வெட்டியதை அந்தப் பெயரில் விற்பது அவர்கள் சோற்றில் கை வைப்பது. 'மெஷின் வேலை' என்று சொல்லியே விற்கலாம், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறார்கள்.

போனிலேயே முடிகிற வேலைகள்

உத்யம் பதிவு: ஆதார், பான் எண் இருந்தால் போனிலேயே பதிவு செய்யலாம். இது முழுக்க இலவசம். அரசு தளம் மாதிரியே தோற்றம் காட்டி கட்டணம் கேட்கும் தளங்கள் இருக்கின்றன. முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். காசு கேட்டால் வெளியே வந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி: நம் மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், ஜாப் வொர்க் போன்ற சேவைக்கு 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்பதற்கு விதி வேறு. தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம்: வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. குடிசை, குறுந்தொழிலுக்குத் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. உத்யம் சான்றோடு மின்வாரியத்தில் கேளுங்கள்.

மரம்: பில் இல்லாத மரத்தை விலை குறைவு என்று வாங்காதீர்கள். மரம் அறுக்கும் மில் வைப்பதாக இருந்தால் வனத்துறை உரிமமும் வேண்டும்.

மானியம்: இங்கேதான் மாமா தவறினார்

கடைசியில் சொல்கிறேன் என்றேன் இல்லையா, அது இதுதான். மெஷின் வாங்கி எட்டு மாசம் கழித்து மாமாவை மாவட்டத் தொழில் மையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். அங்கே இருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஐயா, இது புதுசா தொடங்குறவங்களுக்கான திட்டம். நீங்க ஏற்கெனவே தொடங்கிட்டீங்களே" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான், "நீ இதைத்தானேடா எழுதற வேலை பாக்குற? முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது. இன்றைக்கு இங்கே நான் நிற்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் விண்ணப்பம், அடுத்து வங்கி ஒப்புதல், அதற்குப் பிறகே மெஷின்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு நகரில் 15 சதவீதம், ஊரகத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரில் 25, ஊரகத்தில் 35. இந்த மானியம் கையில் ரொக்கமாக வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு சேர்ந்து இருக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழியும்.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும், 25 சதவீத மானியம். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் இருக்கிறது. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞர்கள் 3 லட்சம் வரை கடன் பெறலாம், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். வயது, வருமான வரம்புகள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். உங்களுக்கு எது பொருந்தும் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

பயிற்சிக்கு, பக்கத்து அரசு ஐடிஐயில் போய் விசாரியுங்கள். 71 அரசு ஐடிஐகளில் தொழில் 4.0 தொழில்நுட்ப மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. மரத்துக்கென்றே கற்க வேண்டுமானால், பெங்களூருவில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மேம்பட்ட மரவேலைப் பயிற்சி மையம் இருக்கிறது.

மாமா இப்போது எப்படி இருக்கார் என்று கேட்பீர்கள். தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் மெஷின் சும்மா நிற்பதில்லை. சுற்றுவட்டாரத் தச்சர்களுக்கு வெட்டிக் கொடுக்கிறார். தன் கதவுகளில், பெரிய வெட்டை மெஷினிடம் விட்டுவிட்டு, இதழும் கண்ணும் மூக்கும் உளியால் முடிக்கிறார். வாடிக்கையாளர் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

நீங்கள் அவர் கட்டிய வட்டியைக் கட்ட வேண்டாம். இன்றைக்கு ராத்திரி இங்க்ஸ்கேப்பில் ஒரு பெயர்ப்பலகை வரையுங்கள். இந்த வாரம் அதை ஒருவரிடம் கொடுத்து வெட்டி வாங்குங்கள். அடுத்த வாரம் அந்தப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். மெஷின் கடை எங்கேயும் ஓடிப் போகாது.