பாதி ரொட்டியில் எத்தனை கால்?



மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போகிற ஏ-9 வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் வந்தால் இந்த அலுவிகாரை. எங்கெங்கோ இருந்து ஆட்கள் தேடி வந்து இறங்கிப் பார்க்கிற குகை விகாரையை நாம் பஸ் ஜன்னலால் பார்த்தபடி கடந்துபோகிறோம். இந்தப் பரிசளிப்புக் கூட்டத்துக்கு நேரம் இருந்ததால் இன்று மத்தியானம் நான் ஏறிப் போனேன். அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு எழுத்தாணியால் கீறுகிறார்கள். கீறி முடித்த ஓலையை உற்றுப் பார்த்தாலும் எழுத்துத் தெரிவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையை மேலே தேய்த்துத் துடைத்த பிறகுதான், கீறின இடத்தில் மட்டும் கறுப்புத் தங்கி, எழுத்து எழும்பி வருகிறது. அந்த ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எழுத்து வருவதற்கு முன் இங்கே இருந்ததைப் பற்றித்தான் யோசித்தேன்.

வலகம்பா மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், பௌத்தத்தின் திரிபிடகம் முதன்முதலாக இங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. ஐந்நூறு பிக்குகள் கூடி எழுதினார்கள் என்று சொல்வார்கள். அதுவரைக்கும் அவ்வளவும் மனிதரின் நினைவிலே இருந்தது. தனி ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாத அளவு. அதனால் பங்கு பிரித்திருந்தார்கள். தீக நிகாயத்தை ஓதுவதற்கு ஒரு கூட்டம், மஜ்ஜிம நிகாயத்தை ஓதுவதற்கு இன்னொரு கூட்டம். பாணகர் என்று அவர்களுக்குப் பெயர். சேர்ந்து உட்கார்ந்து ஒரே குரலில் ஓதுவார்கள். ஒருவர் ஒரு சொல்லைப் பிசகினால் பக்கத்தில் இருப்பவரின் காது அதைப் பிடித்துவிடும்.

பிறகு பெரும் பஞ்சம் வந்தது. பிக்குகள் செத்தார்கள், சிதறினார்கள். பழைய உரைநூலில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் காலத்தில் மகாநித்தேசம் என்ற நூலை முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிச்சமாம். அவருடைய ஒழுக்கம் சரியில்லை என்று அவரிடம் போய்ப் படிக்க மற்றவருக்கு மனமில்லை. ஆனாலும் மகாரக்கித தேரரை வற்புறுத்தி அனுப்பி, அந்த மனிதரிடமே படிக்கவைத்தார்கள். அதற்குமுன் அந்த ஒருவர் கண்ணை மூடியிருந்தால் ஒரு நூலே மண்ணுக்குப் போயிருக்கும்.

ஒரே ஒருவருக்குத் தெரிந்தது எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று இந்த ஊருக்கு இரண்டாயிரம் வருஷமாகத் தெரியும். நம்முடைய வகுப்பறைகளுக்கு இன்னும் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கணக்குத் தெரிந்த பிள்ளைகள் ஐந்து. அந்த ஐந்தும் முன்வரிசையில். கேள்வி கேட்டால் அந்த ஐந்து கைகள்தான் உயரும். ஆசிரியரும் அந்தக் கைகளைப் பார்த்துப் பாடம் நடந்துவிட்டது என்று நம்பிவிடுவார். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

குழுமுறைக் கற்றல் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தது. 2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய பாடத்திட்டம் பிள்ளைகள் குழுவாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றது. நானும் செய்தேன். ஒரு தோட்டப் பாடசாலையில், 6ஆம் தர வகுப்பில், வாங்குகளைத் திருப்பிப் போட்டு ஆறு ஆறு பேராக உட்காரவைத்தேன். பெரிய தாளும் வண்ணப் பேனாவும் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. மேற்பார்வைக்கு வந்தவர்கூடப் பாராட்டினார்.

ஒரு மாதம் கழித்துத் தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். முன்பு 80 எடுத்தவர்கள் 80, முன்பு 20 எடுத்தவர்கள் 20. ஒன்றுமே அசையவில்லை. அடுத்த நாள் பாடத்தை நிறுத்திவிட்டுச் சும்மா நின்று பார்த்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளை எழுதுகிறது. ஒரு பிள்ளை கோடு போடுகிறது. ஒன்று வண்ணம் தீட்டுகிறது. மற்ற மூன்றும் வெளியே பார்க்கின்றன. எழுதிய பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும், மற்றவர்களுக்கு அது தேவையே இல்லை. நான் வாங்குகளைத்தான் மாற்றியிருந்தேன். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற நிலையை உண்டாக்கவில்லை. அந்த ஒரு தவணையை அந்தப் பிள்ளைகள் இழந்தது என்னால். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

அதன்பின் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் ஸ்லேவின் என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். குறைந்தது நான்கு வாரமாவது நடந்த 99 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1995இல் கணக்குப் பார்த்தார். அவற்றில் 64 ஆய்வுகளில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. குழுவுக்கென்று ஓர் இலக்கு, அந்த இலக்கை அடைவதற்கு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு. இந்த 64இல் 50 ஆய்வுகளில் பிள்ளைகளின் அடைவு தெளிவாக உயர்ந்திருந்தது. அந்த நிபந்தனைகள் இல்லாமல், சேர்ந்து செய்யுங்கள் என்று மட்டும் விட்ட வகுப்புகளில் ஏற்றம் மிகச் சிறியது. என் ஆறு பேர் குழுக்களுக்கு நடந்தது என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவர் சொன்ன முறையை எங்கள் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். விளக்கமாகவே சொல்கிறேன், ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம். நான்கு பேர் குழு. ஒருவர் நன்றாகச் செய்பவர், இருவர் நடுத்தரம், ஒருவர் சிரமப்படுபவர். ஆணும் பெண்ணும் கலந்து, மேல் லயமும் கீழ் லயமும் கலந்து. நான் பாடத்தை நடத்துவேன். பிறகு நால்வரும் சேர்ந்து பயிற்சி செய்வார்கள். வெள்ளிக்கிழமை சின்னப் பரீட்சை, அதைத் தனித்தனியாக எழுத வேண்டும், பக்கத்தில் பார்க்கக்கூடாது. குழுவுக்குப் புள்ளி எப்படி என்றால், ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய பழைய சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக எடுத்தது என்பதை வைத்து. 20 எடுத்துக்கொண்டிருந்தவன் 35 எடுத்தால் குழுவுக்கு நிறையப் புள்ளி. 90 எடுப்பவள் 90 எடுத்தால் அவளால் அவ்வளவு ஏற்றித்தர முடியாது. இதுதான் இந்த முறையின் உயிர். அதுவரை யாருக்கும் வேண்டாதவனாக இருந்த பையன் திடீரென்று எல்லாருக்கும் வேண்டியவன் ஆகிவிடுகிறான்.

அந்த வகுப்பில் பின்னங்களை வகுக்கும் பாடம் வந்தது. அரையைக் காலால் வகுத்தால் இரண்டு. எங்கள் வகுப்பின் கெட்டிக்காரி, அவள் பெயரை நான் சொல்லவில்லை, தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியைப் பிழையில்லாமல் செய்வாள். அவள் குழுவில் கடைசியில் இருந்த பையன் கேட்டான்: “வகுத்தா கொறையணும்ல? அரை எப்புடி ரெண்டாச்சு?” அவள் விதியைத் திரும்பச் சொன்னாள். அவன் விடவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் தெரியாது என்கிற பார்வையைப் பார்த்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்த அந்தப் பையன் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தான். வட்டமாகப் பிய்த்தான், இரண்டாக மடித்துப் பாதியைக் கிழித்துப் போட்டான். “அம்மா கொழுந்துக்குப் போனா நான்தான் தங்கச்சிக்கு ரொட்டி பிச்சுக் குடுப்பேன். இது அரை ரொட்டி. இதுல கால் ரொட்டி எத்தன இருக்குன்னுதானே கேக்குறாங்க?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தப் பாதியை மறுபடி மடித்துக் கிழித்தான். இரண்டு துண்டு. “ரெண்டு!” என்று அவன் கத்தவில்லை. அந்தக் கெட்டிக்காரிதான் கத்தினாள்.

யார் யாருக்குப் படிப்பித்தார்கள்? அவள் விளக்க முயன்றிருக்காவிட்டால் தனக்கு விளங்கவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. அவன் கேட்டிருக்காவிட்டால் அவனுக்குள் இருந்த ரொட்டி வெளியே வந்திருக்காது. நொரீன் வெப் என்ற ஆய்வாளர் குழுக்களில் பிள்ளைகள் பேசிக்கொள்வதை வருஷக்கணக்கில் பதிவுசெய்து ஆராய்ந்தார். விரிவாக விளக்கிச் சொல்கிற பிள்ளைக்கு ஆதாயம் அதிகம் என்றும், விளக்கம் இல்லாமல் விடையை மட்டும் வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு ஆதாயம் இல்லை என்றும் அவர் கண்டார். தாய்மாரே, “சொல்லிக் குடு” என்பதும் “காட்டிக் குடு” என்பதும் ஒன்றல்ல. கொப்பியைக் காட்டினால் இரண்டு பிள்ளைக்கும் நட்டம்.

பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார். “சேர், எம்புள்ள பரீட்சைக்குப் படிக்கிறா. அடுத்த புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கவா நான் அனுப்புறேன்?” நியாயமான கேள்வி. தோட்டத்துத் தகப்பனுக்கு அந்தப் பரீட்சை என்னவென்று எனக்குத் தெரியும். லயத்தைவிட்டுப் பிள்ளை வெளியேறுவதற்கு அவர் கண்ணில் படுகிற ஒரே கதவு அது. அவரிடம் நான் நீளமாகப் பேசவில்லை. “உங்கள் மகளிடம் நேற்றைய கணக்கை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள்” என்றேன். அந்த மனிதர் படித்தது மூன்றாம் வகுப்பு. இரண்டு நாள் கழித்து வந்தார். “ரொட்டிக் கணக்கு எனக்கே வெளங்கிருச்சு சேர்” என்றார். பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். மூத்த மாணவன் இளையவனுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய அண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அந்த முறையைப் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் தோட்டப் பள்ளிக்கூடங்களிலும், அரசாங்கம் எழுபதுகளில் பொறுப்பேற்கும் வரைக்கும், ஒரே கூடத்தில் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு சமாளித்தது பெரிய பிள்ளைகளை நம்பித்தான். ஆனால் சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு இருந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொன்னான், கீழே இருப்பவன் திருப்பிக் கேட்க முடியவில்லை. அந்தப் பையன் “எப்புடி ரெண்டாச்சு?” என்று கேட்டானே, அந்தக் கேள்விக்கு அங்கே இடமில்லை. அந்தப் பழைய முறையிலிருந்து பிரம்பை எடுத்துவிட்டுத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படித்தார்கள், ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சில வருஷத்தில் அது மாநிலம் முழுவதும் போனது. ஆசிரியர் கதிரையைவிட்டு இறங்கினார் என்பதே எனக்குப் பெரிய செய்தி.

இன்னொரு விஷயம், இதை மாத்தளை மண்ணில் நின்று சொல்லாமல் போக முடியாது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒஸ்டின் நகரத்தில், அதுவரை பிரித்துவைத்திருந்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது அடிதடியாக இருந்தது. எலியட் அரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார். தன் துண்டை நன்றாகப் படித்துவந்து மற்றவருக்குச் சொன்னால்தான் பாடம் முழுதாகும். தான் கேலி செய்துவந்த பையனின் வாயிலிருந்துதான் தனக்குத் தேவையான துண்டு வரவேண்டும் என்றால், பிள்ளை காது கொடுக்கத்தான் செய்யும். மகாரக்கித தேரர் போய் உட்கார்ந்த மாதிரி.

மாத்தளையில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே கடையில் பல்லி மிட்டாய் வாங்கி, மூன்று வாசலுக்குள் பிரிந்து போகிறார்கள். மொழி வேறு என்பதால் பாடத்தைச் சேர்ந்து படிப்பது எளிதில்லை என்று தெரியும். ஆனால் மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய் இந்த மாவட்டத்தில் எல்லார் வீட்டைச் சுற்றியும் வளர்கிறது. ஒரு சனிக்கிழமை, மூன்று பாடசாலையிலிருந்து பத்துப் பத்துப் பிள்ளைகளை ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கொரு செடியைப் பிரித்துக் கொடுத்து, மூன்று மொழியில் பெயர் எழுதவைக்க எவ்வளவு செலவாகும்? வந்திருக்கிற அதிபர்மார் மனம்வைத்தால் அடுத்த தவணையிலேயே செய்யலாம். ஒரு பஸ்ஸுக்கு நான் பொறுப்பு.

நேரமாகிவிட்டது. பரிசு வாங்கப்போகிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்கு வாருங்கள். பரிசைக் கையில் வாங்குவதற்கு முன் இந்த ஒலிவாங்கிப் பக்கம் வந்து, இந்த வருஷம் உங்களுக்கு ஏதாவது ஒரு பாடத்தை விளங்கப்படுத்திய ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். அல்லது நீங்கள் யாருக்குச் சொல்லிக் கொடுக்கப்போய் நீங்களே விளங்கிக்கொண்டீர்களோ, அவருடைய பெயரை. அந்தப் பிள்ளை இந்தக் கூட்டத்தில் இருந்தால் எழுந்து நிற்கட்டும். நான் இந்த ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.