பழைய லோரியின் சக்கரம்: மெருகுக்குள் இருக்கும் ஆபத்து

ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய லோரிகளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, சாயம் பூசி ஓட்டி மகிழ்வோர் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஏராளம். எஞ்சினுக்காக மாதக்கணக்கில் பாடுபடும் இவர்களில் பலர், சக்கரத்துக்கு மட்டும் கறுப்பு மெருகு பூசி விட்டுவிடுகிறார்கள்.

அக்கால லோரி டயர் தடிமனானது, டியூப் வைத்தது. அதை ஒரே துண்டு ரிம்மில் வளைத்து மாட்டுவது பெரும்பாடு. அதனால் ரிம்மை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து, வளையம் போட்டு இறுக்கினார்கள். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமே அந்த வளையத்தை இடத்தில் நிறுத்துகிறது. வினையும் அங்கேதான். 20 அங்குல ரிம்மில் 40 அங்குல டயர், 80 பவுண்டு காற்று என்றால், ஒரு பக்கச் சுவரை மட்டும் 30 டன்னுக்கு மேற்பட்ட விசை தள்ளுகிறது. பள்ளம் துருப்பிடித்திருந்தாலோ, வேறு ரிம்மின் வளையத்தைப் போட்டிருந்தாலோ, காற்றடிக்கும்போதே வளையம் பீரங்கிக் குண்டுபோல் பறக்கலாம். எதிரில் குனிந்திருப்பவர் கதி என்ன?

இதற்காகவே 1980இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் தனி விதிமுறை கொண்டுவந்தது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். குழாய் நீளமாக இருக்க வேண்டும், ஆள் விலகி நிற்க வேண்டும். காற்று 80 விழுக்காட்டுக்குக் குறைந்து ஓடிய டயரை, முழுக்கக் காற்றிறக்கிக் கழற்றிப் பார்க்காமல் மீண்டும் நிரப்பக்கூடாது. விரிசல் கண்ட ரிம்மை வெல்டிங் செய்யவே கூடாது.

துண்டு ரிம் எல்லாவற்றையும் 'விதவையாக்கி' என்று பயமுறுத்துவோர் உண்டு. அது நியாயமில்லை. வளையம் வெளிப்பக்கம் தெரியும் வகையை, தேர்ந்த கை பழுதில்லாமல் பராமரித்தால் ஓட்டலாம். ஆனால் ஆர்.எச்.5 டிகிரி என்னும் இருதுண்டு ரிம்முக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அதன் பூட்டு நடுவில், டயருக்குள் மறைந்திருக்கும். சரியாகப் பொருந்தியதா என்று வெளியிலிருந்து பார்க்கவே வழியில்லை. அதை மாற்றிவிடுவதுதான் ஒரே வழி.

அடுத்து டயர். "பூ அப்படியே இருக்கிறதே, ஓடியது கொஞ்சம்தானே" என்பார்கள். ரப்பருக்கு ஓட்டம் மட்டுமா வயது? நிறுத்தி வைத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை உள்ளுக்குள் இறுகச் செய்துவிடும்.

2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில், இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்தின் முன்சக்கர டயர் வெடித்து மூவர் மாண்டனர். அந்த டயருக்கு வயது 19க்கு மேல். வயது வரம்பு விதிக்கும் சட்டம் அன்று இல்லை. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லோரி, பேருந்துகளின் முன் அச்சில் 10 ஆண்டு தாண்டிய டயருக்குத் தடை வந்தது. ஆனால் வணிகத்துக்கு ஓடாத, 40 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு விலக்கு உண்டு. பழைய லோரிக்காரரைத் தடுக்க அங்கே சட்டம் வராது, அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது எளிது. டயரின் பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 3512 என்றிருந்தால், 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தியது, கழற்றிவிடுங்கள். ஸ்பேர் டயரையும் மறக்காமல் குனிந்து பாருங்கள்.