கொடுமை என்னும் சொல்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் ஒருநாள், 'கொடுமை என்றால் இரக்கமின்மை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்படியானால் கொடுவாள் என்பது இரக்கமில்லாத வாளா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. மாலையில் அகராதியைப் புரட்டினேன்.

'கொடு' என்பதற்கு வளைவு என்று ஒரு பொருள் உண்டு. கொடுவாள், வளைந்த வாள். வளைதலைக் 'கோடுதல்' என்கிறோம். ஒருபக்கம் சாயாத நடுநிலையை வள்ளுவர் 'கோடாமை' என்கிறார். செங்கோல் நேரான கோல். கொடுங்கோல் வளைந்த கோல். குறளின் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. ஆள்பவன் முறையிலிருந்து வளைந்தால் துன்பப்படுவது குடிமக்கள். வளைவைக் குறித்த சொல் இரக்கமின்மையையும் குறிப்பதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது.

ஆனால் வளைந்ததெல்லாம் தீயதன்று. வட்டார வழக்கைக் கொடுந்தமிழ் என்றார்கள். அதில் இரக்கமின்மை ஏதும் இல்லை. செந்தமிழிலிருந்து சற்று வளைந்தது, அவ்வளவுதான். 279ஆம் குறளும் இதையே உணர்த்துகிறது. அம்பு நேரானது, செயலோ கொடியது. யாழின் தண்டு வளைந்தது, இசையோ இனியது. உருவத்தைக் கொண்டன்று, செயலைக் கொண்டே எதையும் அறிய வேண்டும்.

இதைப் படித்தபோது என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். நான் பணியில் சேர்ந்த புதிது. வாய்விட்டுப் படிக்கையில் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றான். மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறை பிரம்பை எடுத்தேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் வாய்திறந்து படிக்கவில்லை. அவன் நாக்குதான் வளைந்திருந்தது. என் பிரம்பு நேராகத்தான் இருந்தது. கொடியது எது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், குழந்தைக்கு உடல்சார்ந்த தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்கிறது. பிரம்பு போய்விட்டது. கேலிச்சொல் போய்விட்டதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் வகுப்பறையில்தான் பார்க்க வேண்டும்.

கொடுவாள், கொடுங்கோல், கொடுந்தமிழ், கொடுமை ஆகிய நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பொதுவான பொருளைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 'பளம்' என்று சொல்லும் பிள்ளைக்கு, நாக்கு நுனியை உள்நோக்கி வளைத்தால் ழகரம் வரும் என்று காட்டுங்கள். ஆம், சிறப்பு ழகரத்திற்கே நாக்கு வளையத்தான் வேண்டும்!