கா என்னும் ஓரெழுத்து



பொருள் தரும் ஓரெழுத்துச் சொற்களுள் 'கா' என்பதும் ஒன்று என இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அதற்குச் சோலை என்பது ஒரு பொருள். காப்பாயாக என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் தெய்வம் ஒன்று நம் தென்காசி, குற்றாலச் சீமையில் உண்டு. ஐயனார் என்றும் சாஸ்தா என்றும் நாம் வணங்கும் கானகக் காவல் தெய்வமே அது. அத்தெய்வத்தைப் பற்றியும், அதன் சோலையில் நான் செய்த பிழை ஒன்றைப் பற்றியும் இன்று பேச விழைகிறேன்.

செங்கோட்டையைத் தாண்டிக் கணவாய் வழியே மேற்கே சென்றால் ஆரியங்காவு. ஊரின் பெயரிலேயே சோலை இருக்கிறது. அதற்கப்பால் குளத்துப்புழை, மலைக்காட்டினுள் அச்சன்கோவில். இம்மூன்று சாஸ்தா தலங்களும் இன்று கேரள மாநிலத்தில் உள்ளன. ஆயினும் பக்திக்கு எல்லைக்கோடு ஏது? மார்கழித் திருவிழாவிற்காகப் புனலூரிலிருந்து புறப்படும் அச்சன்கோவில் ஐயனின் திருவாபரணப் பெட்டி, தென்காசி மக்களின் வரவேற்பைப் பெற்ற பின்னரே மலையேறுகிறது. தெற்கே பாபநாசத்திற்கு மேல், காரையாற்றுக் காட்டில் சொரிமுத்து ஐயனார் வீற்றிருக்கிறார். ஆடி அமாவாசையன்று அங்கே மக்கள் திரள்வர். பங்குனி உத்திரத்தன்றோ, நம் குடும்பங்கள் தத்தம் சாஸ்தாவைத் தேடிக் குளக்கரைக்கும் தோப்புக்கும் செல்லும். அத்தோப்பில் பச்சைக் கிளையை ஒடிக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த கட்டுப்பாடு.

இத்தகைய நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. உக்ரைன் நாட்டு மக்கள் தம் காட்டுக்கு உரியவனாக 'லிசோவிக்' என்பவனைக் கூறுவர். 'லிஸ்' என்றால் அவர்கள் மொழியில் காடு. லேசியா உக்ராயின்கா என்னும் கவியரசி 1911-இல் எழுதிய 'காட்டின் பாட்டு' என்ற நாடகத்தில் அவனும் ஒரு பாத்திரம். காட்டை நேசித்த முதியவர் ஒருவர், தொன்மையான ஓக் மரம் ஒன்றை வெட்ட விடாமல் காத்து வருகிறார். அவர் இறந்தபின் அம்மரம் விலை போகிறது. இக்கதையைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், தென்காசிக்கு அருகே ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருந்தேன். அவ்வூர்க் குளக்கரையில் நாவலும் மருதும் இலுப்பையும் அடர்ந்த சாஸ்தா தோப்பு ஒன்று இருந்தது. பிள்ளைகள் அதற்குள் காலடி வைக்கவே அஞ்சுவர். மூடநம்பிக்கையை ஒழிப்பது என் கடமை என்று கருதிய நான், ஒருநாள் அவர்களை உள்ளே அழைத்துச் சென்றேன். நாவல் கிளையொன்றை ஒடித்து உயர்த்திப் பிடித்து, "பாருங்கள், எனக்கு என்ன நேர்ந்துவிட்டது?" என்றேன். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தனர். அங்கு நின்ற முதிய பூசாரி, "உங்களுக்கு ஒன்றும் நேராது, வாத்தியார் ஐயா. தோப்புக்குத்தான் நேரும்" என்று மட்டும் கூறினார்.

ஆண்டுகள் பல கழித்து அவ்வூருக்குச் சென்றேன். தோப்பு இல்லை. மரங்களை விற்று, அவ்விடத்தில் மண்டபம் கட்டியிருந்தனர். கோடையிலும் வற்றாதிருந்த ஊற்று தூர்ந்து கிடந்தது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் என் பழைய மாணவரே. நான் வருந்துவதைக் கண்டு வியந்த அவர், "ஐயா, நீங்கள்தாமே கிளையை ஒடித்துக் காட்டினீர்கள்?" என்று பணிவோடு கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்று நான் சொல்லத் தவறியது யாது? வேர் கரையின் மண்ணைப் பிடித்து நிற்கிறது. உதிர்ந்த சருகு மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல நிலத்திற்குள் விடுகிறது. பழந்தின்னும் பறவையும் வௌவாலும் விதையைப் பரப்புகின்றன. இவற்றைச் சொல்லியிருக்க வேண்டும். மாதவ் காட்கில், வர்தக் என்னும் அறிஞர் இருவர் 1970-களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கோவிற்காடுகளை ஆராய்ந்தனர். சுற்றிலும் காடு அழிந்த இடங்களிலும் பழங்காட்டின் எச்சத்தைத் தெய்வத்தின் பெயரால் மக்கள் காத்து வந்ததை அவர்கள் எடுத்துரைத்தனர். பூசாரி கல்லூரியில் படித்தவரல்லர்; ஆயினும் அவர் காத்து நின்ற பொருளின் அருமையை நான் அறியவில்லை.

மாணவர்களே! அச்சத்தை அகற்றுவது கல்வியின் கடமையே. ஆனால் அச்சம் அகன்ற இடத்தில் அறிவையும் அன்பையும் குடியேற்றாவிட்டால், அங்கே கோடரி குடியேறிவிடும். நான் அகற்றினேன், குடியேற்ற மறந்தேன்.

அடுத்த சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு நீராட வருவீர்கள். அருவியருகே குற்றாலநாதர் கோவிலின் தலமரம் குறும்பலா. அம்மரத்தைப் போற்றியே திருஞானசம்பந்தர் தனிப்பதிகம் ஒன்று பாடியிருக்கிறார். அதன்முன் சற்று நின்று, 'கா' என்ற ஓரெழுத்தின் இரு பொருளையும் எண்ணிப் பாருங்கள். சோலையைக் காக்கும் தெய்வத்திற்குக் கைகள் வேண்டும், அக்கைகள் உங்களுடையவை.