அயலூர்ப் பிடியாணையும் புதுவையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயலரசின் பிடியாணைக்கு ஆளானோரைக் காத்த ஊர் என்று புதுவைக்கு ஒரு பெருமை உண்டு. (வாரண்டு என்பதையே பிடியாணை என்கிறேன், பண்டிதன் வழக்கம், பொறுத்தருள்க.) அப்பெருமை மெய்யே. 1908-இல் 'இந்தியா' பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீநிவாசன் சென்னையில் சிறைப்பட, பாரதியார் இங்கு வந்தடைந்தார். 1910 ஏப்ரல் 4-இல் அரவிந்தர் வந்திறங்கினார். 'கர்மயோகின்' கட்டுரைக்காக அவர்மேற் பிடியாணை கல்கத்தாவில் பிறந்ததும் அம்மாதமே. ஆங்கில அரசின் ஒற்றர் தெருத்தோறும் திரிந்தனர். கைதுசெய்ய மட்டும் அவர்கட்கு அதிகாரமில்லை. பிரெஞ்சு எல்லையே வேலியாய் நின்றது. 1918 நவம்பரில் அவ்வேலியைக் கடந்த பாரதியார் கடலூரிற் சிறையிடப்பட்டார்.

அவ்வேலி இன்றும் நிற்பதாக நம்மவர் சிலர் எண்ணுவதே என் கவலை. நம் சமூகத்து இளைஞரொருவர், சென்னையிற் காசோலை வழக்கொன்றில் ஆஜராகத் தவறினார், பிடியாணை பிறந்தது. கோரிமேட்டைத் தாண்டி எவரும் வாரார் என்று யாரோ சொன்னதை நம்பி, ஈராண்டு இங்கே ஒதுங்கியிருந்தார். ஒருநாள் வைகறையில், பிள்ளைகள் பார்த்திருக்க, அவரை அழைத்துச் சென்றனர்.

1962 ஆகஸ்டு 16-இல் நாம் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படியும், அதற்கு முந்தைய சட்டத்தின்படியும், பிடியாணையை இந்தியாவில் எவ்விடத்தும் நிறைவேற்றலாம். அது நாட்பட்டு மாள்வதுமில்லை. பிறப்பித்த நீதிமன்றம் நீக்கும்வரை, அல்லது நிறைவேறும்வரை, உயிரோடிருக்கும். மறைந்து திரிவோரைத் தலைமறைவானோரென விளம்பரஞ் செய்து, சொத்தையும் ஜப்தி செய்யலாம். பாஸ்போர்ட்டும் மறுக்கப்படலாம்; பிரான்சில் உறவினருள்ள நம் குடும்பங்கள் இதனைக் கருதுக.

பிடிபட்டார்க்கும் உரிமைகள் உண்டு. ஆணையின் சாரத்தை அவருக்கு அறிவித்தல் வேண்டும். கேட்டால் ஆணையைக் காட்டவும் வேண்டும். ஆணை பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இருப்பின், கடலூர் போல, நேரே அங்குக் கொண்டுபோகலாம். சென்னை போன்ற தொலைவாயின், பெரும்பாலும் இவ்வூர் நீதிபதி முன்னரோ போலீஸ் மேலதிகாரி முன்னரோ நிறுத்தல் வேண்டும். ஜாமீனுக்குரிய குற்றமாயின், தக்க பிணை கொடுப்பாரை அங்கேயே விடுவிக்கலாம். காசோலைக் குற்றம் அத்தகையதே. அவ்விளைஞர் வீட்டார்க்கு இது தெரியாது, வக்கீலுமில்லை, பிணையாளுமில்லை. சென்னைக்கே கொண்டுபோயினர்.

ஆணை பிறந்ததென அறிந்தவுடன் வக்கீலோடு அந்நீதிமன்றஞ் சென்று, வாராமைக்குக் காரணங் கூறி, ஆணையை நீக்குமாறு மனுச் செய்யலாம். தாமே வந்து நிற்பவரையும் பிடித்துவரப்பட்டவரையும் நீதிபதிகள் ஒருபடியாகப் பார்ப்பதில்லை. கைதாவோமென அஞ்சுவோர்க்கு, வழக்கு வேற்று மாநிலத்திலிருப்பினும், இங்குள்ள நீதிமன்றமே சிறிது காலத்திற்கு முன்ஜாமீன் வழங்கலாமென 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துளது.

அவ்விளைஞர் இப்போது ஜாமீனில் இருக்கிறார். அடுத்த வாய்தாவுக்கு அவரோடு அடியேனும் சென்னைக்குப் போகிறேன். பிணையாளர் ஒருவர் இன்னும் தேவை.